பித்தளைக்கு ஒரு வெளிச்சம், பட்டுக்கு ஒரு வெளிச்சம்: விற்பனைப் படத்துக்கு எந்த விளக்கு, எந்தப் பின்புலம்?

கும்பகோணத்திலிருந்து இணையத்தில் பொருள் விற்கத் தொடங்கியிருக்கும் பெண் ஒருவர் சென்ற வைகாசியில் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கட்டைப்பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பித்தளை டவரா டம்ளர், திருபுவனம் பட்டுப் புடவை, கண்ணாடிப் புட்டியில் செக்கு நல்லெண்ணெய், காப்பித்தூள் பொட்டலம். "அண்ணா, லைட் வாங்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறேன். எது வாங்கட்டும்? பின்னால் என்ன கட்டட்டும்? இப்போதைக்கு போனில்தான் எடுக்கப்போகிறேன்" என்றார்.

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மேசையில் இருந்த ஐந்தும் வெளிச்சத்தை ஐந்து விதமாக வாங்குபவை. குத்துவிளக்கு வந்த ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். பட்டு பாதியை உள்வாங்கிப் பாதியைத் திருப்பும். பார்க்கும் கோணம் மாறினால் நிறமே மாறும். கண்ணாடிப் புட்டி ஒளியை உள்ளே விட்டுவிடும். காப்பித்தூள் பை கசங்கிய இடமெல்லாம் மின்னும். வாங்குகிறவர் இவற்றில் எதையும் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. கடையில் விரலால் தடவி, தூக்கி எடை பார்த்து அறிகிற எல்லாவற்றையும் படம்தான் சொல்லியாக வேண்டும். அதனால் நான் விளக்கிலிருந்து தொடங்குவதில்லை. எந்த மேற்பரப்பு அதிகம், ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி, எடுப்பது போனா கேமராவா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

கடையில் முதலில் வாட் கணக்கைச் சொல்வார்கள்: 60, 100, 200. அசையாமல் நிற்கும் பொருளுக்கு வாட் இரண்டாம்பட்சம். டிரைபாடில் (முக்காலியில்) பூட்டிவிட்டால், கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தாலும் குத்துவிளக்கு நகரப்போவதில்லை. படத்தின் தன்மையை முடிவு செய்வது ஒளி வரும் பரப்பின் அளவும் அது பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும். சூரியன் எத்தனை பெரியது! ஆனால் நமக்கு வானத்தில் அது அரை பாகை அகலம்தான். அதனால்தான் வெயிலில் நிழல் கத்தியால் அரிந்ததுபோல் விழுகிறது. அதே வெயிலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைப் பொருளிலிருந்து இரண்டடியில் தொங்கவிடுங்கள். இப்போது ஒளி தருவது வேட்டி. நிழலின் ஓரம் கரைந்துவிடும். விளக்கின் முன் மாட்டி ஒளியைப் பரப்பும் வெள்ளைத் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸை 90 சென்டிமீட்டரில் ஆசையாக வாங்கி அதை மூன்று மீட்டர் தள்ளி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே அது சின்ன விளக்குதான்.

ஜன்னல், கூண்டு, எல்.இ.டி., ஃப்ளாஷ்

முதலில் காசில்லாத வழி. நல்ல ஜன்னலுக்கு ஈடாக ஒரு விளக்கைக் காட்டுவது கடினம். மேசையை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் வருமாறு பொருளை வைத்து, அதைத் திருப்பி அனுப்ப எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் பாதி ஸ்டூடியோ தயார். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு நிற வெளிச்சம் கலந்துவிட்டால் பிறகு எந்தத் திருத்தத்தாலும் பிரிக்க முடியாது.

வடக்குப் பார்த்த ஜன்னலே சிறந்தது என்று எங்கும் எழுதியிருக்கும். அது வெயில் எப்போதும் தெற்கிலேயே சாய்ந்திருக்கும் ஊர்களில் பிறந்த அறிவுரை. கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை இங்கே உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் சாய்வாக நுழையும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் வேட்டித் திரை தேவை. தெற்கு ஜன்னலில் அப்போது நேர்வெயில் விழுவதே இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் தெற்குப் பார்த்த திண்ணை அறை ஒன்று இருந்தது. வைகாசியிலும் ஆனியிலும் அதையே பயன்படுத்தச் சொன்னேன்.

ஜன்னலின் குறை வேறு. மேகம் ஒன்று கடந்தால் பத்தாவது படமும் பதினோராவது படமும் ஒரே பொருளாகத் தெரியாது. எதிர்வீட்டுச் சுவர் பச்சை என்றால் வரும் வெளிச்சமும் பச்சை. வாசலில் வேப்பமரம் நின்றாலும் அப்படியே. தீபாவளி விற்பனைக்குப் படம் எடுக்க வேண்டிய ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து வானத்தை மூடும். பகல் வேலையை முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் படம் எடுக்க உட்காருபவருக்கு ஜன்னலால் பயன் இல்லை. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து உருப்படிகள், பகலில் நேரம் உண்டு என்றால் நான் ஜன்னலைத்தான் சொல்வேன், பணத்தைப் பின்புலத்துக்கு வையுங்கள் என்பேன். அதற்கு மேல் போனால் விளக்கு வேண்டும்.

பொருளை உள்ளே வைத்து எடுக்கும், எல்.இ.டி. பட்டை ஒட்டிய வெள்ளை மடக்குக் கூண்டுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். விலை குறைவு, இடம் அடைக்காது, மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். சோப்பு, மரச்செப்பு, மண் அகல், மங்கலான அட்டைப்பெட்டி போன்ற ஒளி திருப்பாத சின்னப் பொருள்களுக்கு அது போதும், குறைசொல்ல எதுவும் இல்லை. உயரமான குத்துவிளக்கு உள்ளே நுழையாது, புடவைக்கும் வழியில்லை. பளபளக்கும் பொருளை வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பித்தளையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எல்.இ.டி. விளக்குக்கும் ஃப்ளாஷுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. எண்ணிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று புரியும். 100 வாட் எல்.இ.டி. நூறில் ஒரு நொடியில் செலவிடும் மின்னாற்றல் 1 ஜூல். கேமராவின் தலையில் மாட்டும் கையடக்க ஃப்ளாஷ் ஒரே வெட்டில் 60 ஜூலுக்கு மேல் கொட்டிவிடும். கையில் பிடித்து எடுப்பவருக்கும் அசைவை உறைய வைக்க வேண்டியவருக்கும் இதுவே முடிவான பதில். டவராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும் காப்பி காற்றில் நீள்வதைக் கூர்மையாகப் பிடிக்க வேண்டுமா? ஃப்ளாஷ். ஆனால் அசையாத பொருளுக்கு எல்.இ.டி.யை ஒரு நொடி எரியவிட்டால் அதுவும் 100 ஜூல் ஆகிவிடுகிறது. காத்திருக்கும் பொறுமையும் டிரைபாடும் இருந்தால் ஆற்றலில் ஃப்ளாஷின் மேன்மை கரைந்துவிடும்.

எல்.இ.டி.யின் பெரிய பலம் என் அனுபவத்தில் ஒன்றே: செய்வது கண்ணெதிரே தெரியும். விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் பித்தளையில் ஓடும் கோடு ஒரு சாண் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நகர்த்தலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அதோடு, போனில் எடுப்பவருக்கு ஃப்ளாஷ் நடைமுறையில் ஒத்துவராது. போன் கேமராவின் ஷட்டருக்கும் வெளி ஃப்ளாஷுக்கும் ஒத்திசைவு கிடைப்பது அரிது. குட்டி வீடியோக்களும் எடுக்க வேண்டும் என்றால் ஃப்ளாஷுக்கு அங்கே வேலையே இல்லை. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. கைகொடுக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சி.ஆர்.ஐ. எண் 95க்குக் குறையக் கூடாது. அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர் 9 என்று தனி எண் உண்டு. அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் என்று புடவை விற்பவர் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வெண்மையும் மஞ்சளுமாக மாற்றிக்கொள்ளும் இருநிற விளக்கை விட, பகல் வெளிச்சத்தின் நிறமான 5600 கெல்வினில் நிலையாக எரியும் விளக்கே எனக்குப் பிடிக்கும். அதே விலைக்கு வெளிச்சம் கூடுதல். நேற்று எந்த நிலையில் வைத்தோம் என்ற குழப்பமும் இல்லை. வானவில் நிறமெல்லாம் காட்டும் விளக்கு விற்பனைப் படத்துக்குத் தேவையே இல்லை. வீட்டு எல்.இ.டி. பல்பை வைத்துச் சமாளிக்கலாமா என்றால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். ஷட்டரை நூறில் ஒரு நொடி அல்லது ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்தால் பட்டை மறையும். ஆனாலும் நிறம் உண்மையாக வராது.

ஃப்ளாஷை நான் சிபாரிசு செய்யும் இடம் ஒன்று உண்டு: எண்ணிக்கை. ஒரே நாளில் அறுபது புடவை எடுக்க வேண்டும், கேமரா கையில் இருக்கிறது, அறையில் வெளிச்சம் புகுவதைத் தடுக்க முடியவில்லை என்றால் ஃப்ளாஷ் அறை வெளிச்சத்தை முழுக்க அமுக்கிவிட்டு, முதல் புடவைக்கும் அறுபதாவது புடவைக்கும் ஒரே வெளிச்சம் தரும். மின்விசிறியைக்கூட அணைக்க வேண்டாம். எல்.இ.டி.யில் நீண்ட ஷட்டர் வைக்கும்போது விசிறி ஓடினால் முந்தானைக் குஞ்சம் ஆடி மங்கிவிடும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் வேலை செய்பவருக்குத்தான் அந்த அருமை தெரியும்.

பித்தளை

பித்தளைக் குத்துவிளக்கை நாம் படம் எடுப்பதில்லை. அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதை, பித்தளையின் வளைவில் பார்த்துப் படம் எடுக்கிறோம். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. தொழிலின் தொடக்கத்தில் ஒரு பட்டறைக்காகச் சின்னக் குத்துவிளக்குகளை வெள்ளைக் கூண்டுக்குள் வைத்து எடுத்துக் கொடுத்தேன். நிழலே இல்லாமல் வழவழவென்று வந்தது. எனக்கு நிறைவாக இருந்தது. பட்டறைக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது என் விளக்கு மாதிரி இல்லையே தம்பி, பிளாஸ்டிக்கில் மஞ்சள் பூசியது மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. உலோகம் உலோகமாகத் தெரிவது அதில் ஒளிக்கோடும் இருட்கோடும் அடுத்தடுத்து ஓடுவதால்தான். கூண்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. அதனால் பித்தளையும் தன் முகத்தை இழந்துவிடுகிறது. போதாததற்கு, கூண்டின் எல்.இ.டி. புள்ளிகள் ஒவ்வொன்றும் தட்டின் விளிம்பில் வரிசையாகத் தெரியும்.

நாச்சியார்கோவில் விளக்கின் தண்டைக் கவனித்தால் தெரியும்: கடைசல் பிடித்த வளையம் வளையமாக மேலே ஏறும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் இருளும் விழுந்தால்தான் அந்தக் கடைசல் வேலை கண்ணுக்குப் புலப்படும். உச்சியில் நிற்கும் அன்னத்தின் கழுத்துக்கும் அதே தேவை. நான் இப்போது செய்வது இதுதான். ஒரு பக்கம் உயரமான சாஃப்ட்பாக்ஸ் அல்லது வேட்டித் திரை, விளக்கின் உயரத்தைவிடப் பெரியதாக. மறுபக்கம் தெர்மாகோல். கேமராவின் இரு புறமும், படத்தில் விழும் சட்டத்துக்குச் சற்று வெளியே, கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டிய பட்டை அட்டைகள். அந்த அட்டையை உள்ளே தள்ளத் தள்ள, தண்டின் ஓரத்தில் ஒரு கருங்கோடு பிறந்து விளக்குக்கு உருட்சி கொடுப்பதைக் கண்ணாலேயே காணலாம். எல்.இ.டி. இங்கே ஃப்ளாஷை வெல்கிறது; ஃப்ளாஷில் இந்தக் கோட்டை முன்கூட்டிப் பார்க்க முடியாமல் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். லென்ஸின் முன் பளபளப்பை வடிகட்டும் போலரைஸர் கண்ணாடி மாட்டினால் மினுக்கம் போய்விடும் என்று சிலர் வாங்குகிறார்கள். வெற்று உலோகத்தின் நேர்ப் பிரதிபலிப்பை அது தனியாக வெட்டாது. அந்தப் பணத்துக்குப் பத்துக் கறுப்பு அட்டை வாங்கலாம்.

படம் எடுக்கும்போது கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நீலச் சட்டையோடு நின்றால் தட்டின் வளைவில் நீலமாக நீங்கள் நிற்பீர்கள்.

பட்டு

மயில்கழுத்து நிறம் என்று ஒன்று ஏன் இருக்கிறது? நீளவாட்டு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒரு நூல் மேலோங்கித் தெரியும், மற்றது பின்வாங்கும். நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடும். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கும் வெளிச்சம் இந்த அற்புதத்தை ஒரே சப்பை நிறமாக ஆக்கிவிடுகிறது. நெய்தவர் கையை நினைத்தாவது இதைச் செய்யக் கூடாது என்று நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

பட்டுக்கு வெளிச்சம் பக்கத்திலிருந்தும் சற்றே பின்னாலிருந்தும் தாழ்வாக வர வேண்டும். அப்போது இழையின் மேடு பள்ளம் எழும், மடிப்பில் இரு நிறமும் அடுத்தடுத்து விழும், சரிகை பளிச்சிடும். சரிகை உலோகம்தான், பித்தளைக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். ஒளிமூலம் சின்னதாக இருந்தால் சரிகை வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும், பெரியதாக இருந்தால் பொன்னாகத் தெரியும். இங்கே ஜன்னலுக்கே முதலிடம் தருகிறேன். ஆறடி உயர ஜன்னலின் பரப்புக்கு ஈடான சாஃப்ட்பாக்ஸ் வாங்கி வைக்க வீடுகளில் இடமும் இருக்காது.

நிறத்தில் கண்டிப்பு வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு விற்பனையாளர் கடை விளக்கில் எடுத்த படத்தைப் போட்டு அரக்குப் புடவைகளை விற்றார். போய்ச் சேர்ந்த இடத்தில் அவை கத்தரிப்பூ சாயலில் இருந்தன. பாதி திரும்பி வந்தன. புடவை மாறவில்லை, படம்தான் பொய் சொன்னது. சாம்பல் அட்டை ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறை வெளிச்சத்தை அமைத்ததும் அதை வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பை) நிர்ணயிக்க வேண்டும். போனிலும் கைமுறை அமைப்பு தரும் செயலிகளில் இது முடியும். தானியங்கி அமைப்பில் விட்டால், சிவப்புப் புடவை சட்டத்தை நிறைத்ததும் போன் அதைச் சமன் செய்கிறேன் என்று நிறத்தைக் கெடுத்துவிடும். மயில்கழுத்துக்கு ஒரு படம் போதாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம் போடுவதே நேர்மை.

புட்டியும் பொட்டலமும்

நல்லெண்ணெய்ப் புட்டியை முன்னாலிருந்து ஒளியூட்டினால் கறுத்த திரவம்தான் தெரியும். வெளிச்சம் பின்னாலிருந்து எண்ணெய்க்குள் புகுந்து வர வேண்டும். அப்போதுதான் அந்தத் தேன்நிறம் எரியும். வெளிர்ப் பின்புலத்தை மட்டும் பிரகாசமாக்கி, புட்டியின் இருபுறமும் சட்டத்துக்கு வெளியே கறுப்பு அட்டை வைத்தால் கண்ணாடியின் ஓரம் கருங்கோடாக வரையப்படும். கறுப்புப் பின்புலம் வேண்டும் என்றால் தலைகீழ்: பின்னால் வெல்வெட், அதற்கு இருபுறமும் ஒளி, ஓரங்கள் வெண்கோடாகும். வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய வித்தை ஒன்று உண்டு. புட்டியின் வடிவத்தைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, புட்டிக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் சாய்த்து வையுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி எண்ணெயை உள்ளிருந்து ஏற்றியதுபோல் காட்டும். லேபிளுக்கு முன்னால் தனியாக ஒரு தெர்மாகோல் போதும்.

பளபளப்பான காப்பித்தூள் பைக்கு மேலே சற்றுப் பின்னால் ஒரு பெரிய ஒளிப்பரப்பு, அவ்வளவுதான். பையை நிறைத்து, கசங்கலை நீவிவிட்டு எடுப்பது விளக்கை விட முக்கியம்.

பின்னால் என்ன வைப்பது

வெள்ளையிலிருந்து தப்ப முடியாது. அமேசான் போன்ற சந்தைகள் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்புலத்தைக் கேட்கின்றன. அமேசானின் விதி ஆர்.ஜி.பி. 255, 255, 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவில்), பொருள் சட்டத்தில் 85 விழுக்காடு நிறைய வேண்டும். அதனால் தன் சொந்தப் பக்கத்தில் மட்டும் விற்பவரும் சந்தையில் விற்பவரும் ஒரே பின்புலம் வாங்க வேண்டியதில்லை.

வெள்ளையிலும் பல வகை. சார்ட் பேப்பர் மலிவு. டவரா டம்ளர் அளவுக்கு மேல் போனால் ஒட்டுத் தெரியும். 1.35 மீட்டர், 2.72 மீட்டர் அகலங்களில் வரும் சுருள் காகிதம் மங்கலானது, மினுக்காது, வளைத்து மேசை மேல் இறக்கினால் சுவருக்கும் தரைக்கும் இடையே கோடு தெரியாது. அழுக்கானால் நுனியை வெட்டிவிட்டு மேலும் இறக்கிக்கொள்ளலாம். எண்ணெய் விற்பவருக்கு அது ஒத்துவராது, ஒரு சொட்டு சிந்தினால் போயிற்று. அவருக்கு மங்கல் பி.வி.சி. தாள், துடைத்தால் தீர்ந்தது, சுருட்டி வைக்கலாம், மடித்தால் மட்டும் கோடு விழும். வெள்ளை அக்ரிலிக் பலகை பொருளின் அடியில் மெல்லிய பிம்பம் தருகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் துடைக்கத் துடைக்க நிலைமின்னேற்றத்தில் தூசியை இழுக்கும், கீறல் எளிதில் விழும்.

எதை வைத்தாலும் முதல் நாள் வெள்ளை சாம்பலாகத்தான் வரும். கேமரா எல்லாவற்றையும் நடுத்தர சாம்பலாக எண்ணியே அளக்கிறது. வெள்ளை நிறைந்தால் ஒளியைக் குறைத்துவிடுகிறது. போனில் திரையைத் தொட்டு ஒளியளவை ஏற்றினால் பாதி சரியாகும். மீதிக்குக் காரணம் தூரம். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் இடத்துக்குக் கால்பங்கு வெளிச்சமே போகும். பின்புலத்துக்குத் தனியாக வெளிச்சம் கொடுத்து, பொருளைவிட ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாக்கினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் வெண்மை பொருளின் ஓரத்தைத் தின்னத் தொடங்கும். முதலில் பலியாவது கண்ணாடிப் புட்டி.

படத்தை எடுத்துவிட்டுச் செயலியில் பின்புலத்தை வெட்டி எறியலாமே என்று கேட்பார்கள். பொட்டலத்துக்குச் செய்யலாம். முந்தானைக் குஞ்சத்தையும் கண்ணாடி ஓரத்தையும் செயலி மென்று துப்பிவிடுகிறது. அடிநிழலும் போய்விடுவதால் குத்துவிளக்கு அந்தரத்தில் மிதக்கும். நிழல்தான் பொருளுக்கு எடை தருகிறது.

கறுப்பு என்றால் வெல்வெட்டை மட்டும் கறுப்பு என்பேன். கறுப்பு சார்ட் பேப்பர் வெளிச்சத்தில் சாம்பலாகிவிடும். பித்தளையைக் கறுப்பில் வைத்தால் கம்பீரம் உண்டு. அதேசமயம் பித்தளை சுற்றியுள்ள கறுப்பை வாங்கிக்கொள்வதால் பீடத்தின் ஓரம் இருளில் கரைந்துவிடும். அடர்பழுப்பும் கரும்சாம்பலும் அந்த ஆபத்து இல்லாமல் அதே கம்பீரத்தைத் தருகின்றன. பச்சைத் துணியைப் பித்தளைக்கு அருகே கொண்டுவராதீர்கள். உலோகம் அந்தப் பச்சையை வாங்கிக் களிம்பு ஏறியதுபோல் தெரியும்.

மரம், கல் என்று அச்சடித்த ஃப்ளெக்ஸ் விரிப்புகளை நான் வெறுக்கிறேன். ஃப்ளெக்ஸ் மினுக்கும். அச்சில் ஒரு திசையிலிருந்து விழுந்த வெளிச்சமும் உங்கள் விளக்கின் திசையும் ஒத்துப்போகாது. மர வரிகள் இயல்பைவிடப் பெரிதாக இருந்தால் ஓரடி விளக்கு சுண்டுவிரல் உயரப் பொம்மையாகத் தெரியும். உண்மையான பொருள் அருகிலேயே கிடைக்கும்போது இந்தப் பொய் எதற்கு? நம் சமையலறை மேடைகளில் போட்ட கடப்பாக்கல், மெருகு ஏற்றாத துண்டாகக் கல் கடையில் கிடைக்கும். கருஞ்சாம்பல் நிறம், மினுக்காத முகம், லேசான சொரசொரப்பு. என்னைக் கேட்டால் பித்தளைக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் அதைவிடப் பொருத்தமான தரை இல்லை. எண்ணெய் சிந்தினால் கறை இறங்கும், உடனே துடைக்க வேண்டும். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தேக்குக் கதவுப் பலகை, கோரைப்பாய் இரண்டும் பட்டுக்கும் காப்பிக்கும் உதவும். பாயின் கோரை எவ்வளவு தடிப்பு என்று எல்லார் கைக்கும் தெரியும். பக்கத்தில் வைத்த டம்ளரின் அளவு சொல்லாமலே விளங்கிவிடும். ஆத்தங்குடி ஓடு அழகு, ஆனால் அதன் வண்ணக் கோலம் பொருளோடு போட்டியிடும். ஒரே நிற ஓடு என்றால் சம்மதம். வாழையிலையை வெட்டிய உடனே எடுத்துவிட வேண்டும், விளக்கின் கீழ் விரைவில் வாடிவிடும்.

அவர் வாங்கியது

அந்தப் பெண் கடைசியில் எடுத்த முடிவு இது. 100 வாட், 5600 கெல்வின் எல்.இ.டி. ஒன்று, 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ், உறுதியான ஸ்டாண்டு, போன் பிடிப்போடு ஒரு டிரைபாட், சாம்பல் அட்டை. தெர்மாகோல் இரண்டு, ஒரு முகம் வெள்ளையாகவே விட்டு மறுமுகத்தில் கறுப்பு சார்ட் ஒட்டியது. மங்கல் வெள்ளை பி.வி.சி. தாள் ஒன்று, இரண்டடிக்கு ஒன்றரை அடியில் கடப்பாக்கல் ஒன்று. வேட்டி வீட்டிலேயே இருந்தது. இரண்டு விளக்கு வேண்டாமா என்று கேட்டார். முதல் விளக்கை முழுக்கப் புரிந்துகொள்ளும் வரை இரண்டாவது குழப்பத்தைத்தான் கூட்டும், வெள்ளைப் பின்புலத்துக்குத் தனி ஒளி தேவைப்படும் அன்று ஜன்னலை முதல் விளக்காகவும் எல்.இ.டி.யைப் பின்புலத்துக்கும் வையுங்கள், உங்கள் விளக்கு பகல் நிறத்தில் இருப்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும் என்றேன்.

குத்துவிளக்கையும் டவரா டம்ளரையும் கடப்பாக்கல்லில் வைத்து அவரே எடுத்து அனுப்பினார். தண்டின் வளையங்கள் ஒவ்வொன்றிலும் அந்தக் கருங்கோடு இருந்தது. பட்டு மட்டும் இன்னும் தெற்கு அறையின் ஜன்னலோரம்தான். புரட்டாசியில் வெயில் தெற்கே நன்றாகச் சாய்ந்ததும் அந்த ஜன்னலுக்கும் வேட்டி கட்டிவிட்டார். ஐப்பசிக்கு முன் நாற்பது புடவை எடுத்தாக வேண்டியிருந்தபோது, ஃப்ளாஷ் வாங்கட்டுமா என்று மறுபடி கேட்டார். வேண்டாம், இரண்டு நாளைக்கு என் கேமராவையும் ஃப்ளாஷையும் எடுத்துப் போங்கள் என்று கொடுத்தேன். ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்த இரண்டு நாள் பத்து நாளாகும் ஆண்டில் சொந்தமாக வாங்குவார்.